கேட்ட அன்றுதான் கேதம்

அந்தத் தெருவில் கிழவர்களே கிடையாது. பசுண்டாங் ஓடைக்கரையில் வரிசையாக அரிசி மில்கள், மில்களுக்குப் பின்னால் சேறு, சேற்றுக்குப் பின்னால் பலகைக் கொட்டடிகள். அந்தக் கொட்டடித் தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்தாலும் கோல் ஊன்றிய ஆள் ஒருத்தரைக் காண முடியாது. தொட்டிலும் அபூர்வம்தான். எல்லாம் தோளும் தொடையும் திமிறுகிற வயது. கப்பல் ரங்கூனில் கொண்டுவந்து இறக்கும்போதே அப்படிப் பொறுக்கித்தான் இறக்கும்; அந்த வயது தாண்டினால் அதே கப்பல் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும்.

யாரிடம் வயது கேட்டாலும் முப்பத்தஞ்சு என்பார்கள். போன வருஷம் கேட்டபோதும் முப்பத்தஞ்சு, அதற்கு முந்தின வருஷமும் அதேதான்.

"முப்பத்தஞ்சுக்கு மேலே எண்ணத் தெரியாத பயலெல்லாம் என் தலையிலே வந்து விழுந்திருக்கான்" என்று வீரப்பன் மேஸ்திரி வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுச் சொல்வார். அவருக்கும் முப்பத்தஞ்சுதான். அவருக்குப் பேரன் இருந்தான், அது வேறு விஷயம்.

ஆள் பிடித்து வந்ததும் அவர்தான், மில்லுக்கு ஆள் விடுவதும் அவர்தான், கொட்டடியில் அறை கொடுப்பதும் அவர்தான். மூட்டை சுமக்கிறவனுக்கு அறை உண்டு. சுமக்காதவனுக்கு அறை கிடையாது. இதில் பேச்சே இல்லை.

அந்தக் கொட்டடியில் கடைசி அறை குழந்தைவேலுவுடையது. ஆள் குழந்தை இல்லை. தொண்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மீசை அரும்பும் வயதில் கப்பலேறி, ஒருதரம் ஊருக்குப் போய்த் தைலம்மாளைக் கட்டிக் கூட்டிவந்து, நெல்லும் அரிசியும் சுமந்து சுமந்து வலது தோளில் எருமைக்கு இருக்கிறது மாதிரி ஒரு காய்ப்பு ஏறிப்போன மனுஷர். மூட்டைக்குக் கீழே நின்றால் வாலிபர்களுக்கு நடை சொல்லிக் கொடுப்பார். படகுக்கும் கரைக்கும் நடுவே போட்ட பலகையில் ஏறும்போது பெருமாளைக் கூப்பிடமாட்டார், முருகனைக் கூப்பிடமாட்டார், "ஆத்தா" என்றுதான் மூச்சு விடுவார். ஊரில் இருக்கிற சொந்த ஆத்தாளைத்தான் சொல்வது.

வினை எங்கே வந்தது என்றால், போன மழைக்காலத்தில் செல்லக்கண்ணு என்று ஒருவர் மூட்டையோடு பலகையிலிருந்து வழுக்கி ஓடையில் விழுந்தார். மூட்டை மேலே, ஆள் கீழே. தூக்கி எடுத்தபோது தலைத்துண்டு போயிருந்தது; பஞ்சு மாதிரித் தலை. புதிதாக வந்திருந்த இளவயசுத் துரை அந்தத் தலையைப் பார்த்துவிட்டு, நரைத்தவர்களைப் பலகையில் ஏற்றாதே என்று சொல்லிவிட்டுப் போனான். இரக்கப்பட்டுத்தான் சொன்னானோ என்னவோ! சொன்னவனுக்கு ஒரு வார்த்தை. கேட்ட மேஸ்திரிக்கு அது சட்டம். மறுநாள் முதல் காலையில் மில் வாசலில் எல்லாரும் தலைத்துண்டை அவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அன்றிலிருந்து தெருவில் விளக்குக் கரிக்குப் பஞ்சம் வந்துவிட்டது.

தைலம்மாள் கருக்கலில் எழுந்து சிம்னியில் படிந்த கரியை வழித்து, ஆமணக்கெண்ணெயில் குழைத்து, கடுக்காயை உரசிச் சேர்த்து, புருஷனை முன்னால் உட்கார வைத்துத் தலையில் தேய்ப்பாள். தேய்க்கும்போது வாய் சும்மா இருக்காது.

"ஆடாதீக. காதெல்லாம் கரியாகுது."

"பேரைப் பார்த்துத்தான் வச்சிருக்காக உனக்கு, தைலம்னு."

"உங்களுக்கு மட்டும் என்னவாம்? குழந்தை! குழந்தைக்கு முன்நெத்தியிலே ஒரு வெள்ளாட்டு மந்தையே மேயுது."

"ஆத்தா பார்த்தா விழுந்து விழுந்து சிரிக்கும் புள்ள. அவுகளுக்கு இன்னும் தலை பாதி கறுப்பு."

"உங்களுக்கு நெசமா என்ன வயசுங்க?"

"எனக்கென்ன தெரியும்? ஆத்தாளைக் கேக்கணும். கம்மா உடைஞ்ச வருசம் நீ பொறந்தேங்கும். எந்தக் கம்மா, எப்ப உடைஞ்சதுன்னு அதுக்குத்தான் வெளிச்சம். சீசன் முடியட்டும், போயிக் கேட்டுட்டு வாரேன்."

இதில் வேடிக்கை என்னவென்றால், உள்ளே போய்விட்டால் கரியும் ஒன்றுதான் நரையும் ஒன்றுதான். மில்லுக்குள் தவிட்டுத் தூசி பனி மாதிரி இறங்கும். உச்சி வெயிலுக்குள் அத்தனை பேர் தலையும் வெள்ளை. புருவம் வெள்ளை, இமைமயிர் வெள்ளை. நேற்றுக் கப்பலிறங்கிய பயலும் கிழவனாகத்தான் கஞ்சிக்கு வந்து குந்துவான். வாசலைத் தாண்டுகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் வயது. தைலம்மாளும் அதே மில்லில் குறுணை சலித்தாள். பெண்களிடம் யாரும் தலையைக் காட்டச் சொல்வதில்லை, வயது கேட்பதுமில்லை. பாதிக் கூலிக்கு வயது எதற்கு?

அடுத்த அறையில் மா மியா இருந்தாள். பர்மாக்காரி. மூட்டை சுமக்கிற தங்கவேலுவைக் கட்டிக்கொண்டவள். தெருமுனையில் மீன் குழம்பு ஊற்றிய மொகிங்கா விற்பாள். தமிழைப் பிய்த்துப் பிய்த்துப் பேசுவாள். பர்மாக்காரர்கள் பெரியவர்களை 'ஊ' போட்டும், அண்ணன் வயதுக்காரர்களை 'கோ' போட்டும் கூப்பிடுவார்கள். மா மியா குழந்தைவேலுவைக் கண்டால் மரியாதையாக,

"ஊ குழந்தை, சாப்பாடு ஆச்சா?" என்பாள்.

அவருக்குத் தூக்கிவாரிப்போடும். "ஏம்மா, என் சோத்துலே மண்ணைப் போடாதே! கோ சொல்லு, கோ. மேஸ்திரி காதுலே விழுந்தா அம்புட்டுத்தான்."

"கோ குழந்தை!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். "பொய் பாவம்."

"பாவம் எனக்கு. நீ கோ சொல்லு."

அந்த வருஷம் அவருக்கு அறை கட்டாயம் வேண்டியிருந்தது. ஒரே மகள் நீலாம்பாளைத் தின்கன்ஜூனில் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவனுக்குக் கொடுத்திருந்தார்கள். நீலாவுக்குத் தலைப்பிரசவம், வைகாசியில். தலைப்பிள்ளை தாய்வீட்டில்தானே பெற வேண்டும்? தாய்வீடு என்று சொல்ல இருப்பது அந்தப் பலகை அறைதான். நீலாவுக்கு முன்னால் இரண்டைப் பெற்றுப் பறிகொடுத்தவள் தைலம்மாள். மகளைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு பிள்ளையை வாங்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்கு உலகத்தில் ஆசை. மருமகனுக்குத் தாய் இல்லை. அந்த வீட்டில் மாட்டைத் தவிர வேறு பெண்பிள்ளை இல்லை. தைலம்மாள் கந்தல் சேலையைத் துவைத்து மடித்து, சுக்கும் மிளகும் வாங்கி, அறை மூலையில் ஒரு பாய் அகலத்துக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தாள்.

மாசி மாதம் ஒரு சாயங்காலம். அவள் மில்லிலிருந்து முன்னதாக வந்து, கெண்டை மீனை அலசிக் குழம்பு கூட்டி அடுப்பில் வைத்திருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது. பார்த்தால் சொக்கன். புருஷனுக்குச் சித்தப்பன் மகன், பங்காளி. கையில் தகரப் பெட்டி. கப்பலிலிருந்து நேரே வந்திருக்கிறான். தைலம்மாள் "வாங்க தம்பி" என்று சொல்ல வாயெடுத்தவள் அவன் தலையைப் பார்த்தாள். மொட்டையடித்து மயிர் முளைத்த தலை. மீசையும் இல்லை; சாவு வீட்டுக் கோலம்.

"மதினி" என்றான் சொக்கன். "கேதம் சொல்ல வந்திருக்கேன். பெரியாத்தா..."

அவள் பாய்ந்து அவன் வாயைப் பொத்திவிட்டாள். கையில் மீன் கவுச்சி. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சத்தம் போடாதீக. எப்ப?"

"தையிலே. பொங்கல் கழிஞ்சு. ராத்திரி கஞ்சி குடிச்சுட்டுப் படுத்தவுக எந்திரிக்கலே. அண்ணன் இல்லாததாலே கொள்ளி வச்சது நான்தான். மொட்டை அடிச்சதும் நான்தான். நான் அடிச்சா ஆச்சா? பெத்த மகன் அடிக்க வேணாமா? அவுக எங்கே, மில்லுலயா? அங்கிட்டுப் போயித்தான் முதல்லே பார்த்தேன், ஆளைக் காணும்."

"தம்பி, உங்க காலுலே விழுறேன். சொல்லாதீக."

சொக்கனுக்குப் புரியவில்லை. தைலம்மாள் அவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள்: தலையை வழித்தால் திரும்ப முளைக்கிறது வெள்ளையாகத்தான் முளைக்கும், முளைமயிரில் கரி நிற்காது, மேஸ்திரி வெளியே தள்ளிவிடுவார், அறை போய்விடும், நீலாவுக்கு மாதம் நெருங்குகிறது.

"அதுக்காவ பெத்த தாய்க்குக் கேதம் காக்காமலா இருக்கிறது? நல்லாருக்கே ஞாயம்!"

"கடல் கடந்தவுகளுக்குக் கேட்ட அன்னைக்குத்தானே தம்பி கேதம்? நம்ம வழக்கம் அதானே? தீட்டும் அன்னையிலிருந்துதானே? அவுக கேக்கலே. கேக்காத வரைக்கும் அத்தை சாகலே."

சொக்கன் அவளை வெறித்துப் பார்த்தான். "நீ கேட்டுட்டியே மதினி."

"நான் சுமந்துக்கிறேன். வைகாசி கழியட்டும். பிள்ளை மண்ணுலே விழட்டும். நானே சொல்றேன்."

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "மாவ்பியிலே தோட்ட வேலை இருக்குன்னு சொன்னாக. நான் அங்கிட்டுப் போறேன். இங்கே இருந்தா என் வாய் நிக்காது. அண்ணனோட பாவம் உன் தலையிலே, மதினி."

"என் தலையிலேயே இருக்கட்டும். என் தலையை யாரும் பாக்கப் போறதில்லே."

அவன் போன பிறகு அவள் அழவில்லை. அழுதால் பலகைச் சுவரில் கேட்கும். கப்பலேற வந்த அன்றைக்கு மாமியார் தொண்டிக் கரை வரைக்கும் கூடவே நடந்து வந்து, "ரங்கூன் புளி புளிக்காதாம்டி" என்று ஒரு புளி உருண்டையை அவள் மடியில் கட்டிவிட்டாள். கறுத்துக் கல்லாகிப்போன அதில் கொஞ்சம் இன்னும் கலயத்தில் கிடந்தது. தைலம்மாள் அந்தக் கலயத்தைக் கண்ணில் படாமல் பாய் மறைவில் தள்ளி வைத்தாள். அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கொட்டிவிடலாம் என்று நினைத்தாள். கொட்டினால் ஏன் என்பாரே?

குழந்தைவேலு அன்றைக்கு எல்லாரும் வந்த பிறகுதான் வந்தார். இடுப்பு வரைக்கும் சேறு.

"என்னங்க இது கோலம்?"

"படகுக்கு அடியிலே துண்டு விழுந்துருச்சு. தேடி எடுத்தேன்."

குளித்துவிட்டு வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். அவள் மீன் துண்டை வைத்தாள். அவர் தட்டையே பார்த்தார். "யாரும் வந்தாகளா?" என்றார்.

"இல்லையே. யாரு வரப் போறா?"

"சும்மா கேட்டேன்." பிசைந்து சாப்பிட்டார். "இன்னுங் கொஞ்சம் ஊத்து புள்ள" என்று வாங்கிச் சாப்பிட்டார். தாய் செத்த தீட்டில் மீன் தின்கிற மகனைப் பார்த்துக்கொண்டு அவள் கரண்டியும் கையுமாக நின்றாள். காளியாத்தா, இவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம் முழுதையும் என் கணக்கில் போட்டுக்கொள் என்று வேண்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒரு அதிசயம் நடந்தது. அவர் ஆத்தாளைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். முன்னெல்லாம் கரி தேய்க்கிற நேரம் முழுக்க ஆத்தா கதைதான். இப்போது கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தார். தைலம்மாளுக்கு அது தெய்வம் பார்த்துச் செய்ததாகத்தான் பட்டது. பேச்சு எடுத்தால் அவள் என்ன முகத்தை வைத்துக்கொள்வாள்? புழுக்கம் என்று சொல்லிப் பாயை விட்டு வெறும் பலகையில் படுத்தார். பங்குனி வெயில், யாருக்குத்தான் புழுங்காது? சாப்பிடுமுன் ஒரு கைச் சோற்றை வாசலில் காக்காய்க்கு எறிந்தார். மா மியா அதைப் பார்த்துவிட்டு, "கோ குழந்தை காக்கா வளர்க்குது" என்று கேலி செய்தாள். அவர் சிரித்தார்.

நீலாம்பாள் ஒரு நாள் புருஷனோடு பால் வண்டியில் வந்து போனாள். வயிறு முன்னால் வர, அவள் பின்னால் வந்தாள். அம்மா வைத்த புளிச்சோற்றைத் தின்றுகொண்டே,

"பொம்பளப் புள்ளையா இருந்தா அப்பத்தா பேருதான் வைக்கப் போறேன். அப்பா, அப்பத்தாகிட்டே கேட்டுச் சொல்லச் சொல்லுங்க. தன் பேரை வச்சா அது கோவிச்சுக்குமா?"

தைலம்மாள் தண்ணீர் மொள்ளுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வையி, வச்சுக்க" என்றார் குழந்தைவேலு. "அது இனி ஒண்ணும் சொல்லாது."

'இனி' என்று ஒரு சொல் அதில் இருந்தது. தைலம்மாள் அதைக் காதில் வாங்கவில்லை.

சித்திரை பிறக்கிற சமயத்தில் பர்மாக்காரர்களின் தண்ணீர்த் திருவிழா வந்தது. திஞ்சான் என்பார்கள். வாளி, சட்டி, கிண்ணம், எது கையில் அகப்படுகிறதோ அதில் தண்ணீர் மொண்டு, வருகிற போகிறவர்கள் தலையில் எல்லாம் ஊற்றுவார்கள். துரை ஆனாலும் சரி, கூலி ஆனாலும் சரி. ஊற்றினால் கோபிக்கக் கூடாது, அது ஆசீர்வாதம். மில் மூடியிருந்தது. தெருவெல்லாம் சேறும் சிரிப்பும். தைலம்மாள் மட்டும் தெருவில் இறங்கவில்லை. ஒரு சட்டித் தண்ணீர் போதுமே! கரி கழுத்தில் வழிந்துவிடும். மேஸ்திரி வேறு அடுத்த தெருவில் இருக்கிறார். புருஷனை அறைக்குள் போட்டுக் கதவைச் சாத்தி, "அவுகளுக்குக் காய்ச்சல்" என்று வாசலில் குந்திக்கொண்டாள்.

மா மியா தன் வாசலில் ஒரு பெரிய பானையில் ஏதோ பட்டையும் சீயக்காயும் ஊறப்போட்டு வைத்துக்கொண்டு முகம் வாடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, மொகிங்கா விக்கலையா?"

"இன்னைக்கு விக்காது அக்கா. இன்னைக்குப் புண்ணியம். எங்க ஊருலே இந்த நாள் சின்னவங்க பெரியவங்களுக்குத் தலை கழுவும். நகம் வெட்டும். கும்பிடும். எங்க அம்மா அப்பா தூரம். இங்கே கழுவலாம்னா..." தெருவை இந்தக் கோடி அந்தக் கோடி கையால் காட்டினாள். "ஒரு கிழவன் இல்லே. ஒரு கிழவி இல்லே. இது என்ன தெரு அக்கா? யாரைக் கழுவுறது?"

"எல்லாருக்கும் முப்பத்தஞ்சுடி இங்கே" என்றாள் தைலம்மாள். சிரிக்கத்தான் நினைத்தாள், சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் சொக்கன் வந்தான். மாவ்பியிலிருந்து திருவிழாவுக்கு வந்தவன், உச்சி முதல் பாதம் வரை சொட்டச் சொட்ட நனைந்து, கொஞ்சம் கள்ளும் ஏற்றிக்கொண்டு. தலையில் மயிர் கறுகறுவென்று வளர்ந்து சீப்புப் போடுகிற அளவுக்கு வந்திருந்தது. தைலம்மாள் எழுந்து கதவை மறித்து நின்றாள்.

"அண்ணன் எங்கே மதினி?"

"காய்ச்சல். தூங்குறாக. போயிட்டு அப்புறம் வாங்க தம்பி."

"இன்னும் சொல்லலையா நீ?"

"தம்பி..."

"என் தலையைப் பாரு மதினி! முளைச்சு வளர்ந்துபோச்சு. கொள்ளி வச்ச எனக்கு முளைச்சுப்போச்சு, பெத்த மகன் தலையிலே இன்னும் கத்தி படலே! தெனம் கனவுலே வருது பெரியாத்தா. எம் மகன் எங்கடா, எம் மகன் எங்கடாங்குது. நான் என்ன பதில் சொல்ல?" அவன் குரல் தெருவுக்கே கேட்டது. "அண்ணே! அண்ணே, உன் ஆத்தா செத்துப்போச்சு அண்ணே! தையிலேயே செத்துப்போச்சு!"

தெருவில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் சட்டியும் கையுமாக நின்றுவிட்டார்கள்.

தைலம்மாள் கதவிலேயே சரிந்து உட்கார்ந்தாள். கதவு உள்ளிருந்து மெதுவாகத் திறந்தது. குழந்தைவேலு அவளை மிதிக்காமல் தாண்டி வெளியே வந்தார். அலறவில்லை. சொக்கனைப் பார்த்து, "சொல்லிட்டியாடா?" என்றார். "சரி. சொல்ற வரைக்கும்தானே."

"என்னை மன்னிச்சிருங்க" என்று தைலம்மாள் அவர் காலைப் பிடித்தாள். "நான்தான் மறைச்சேன். நீலாவுக்காவ... உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, பாவம் எனக்குத்தான்..."

"எந்திரி புள்ள. எனக்குத் தெரியும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இவன் கப்பலிறங்கி மில்லுக்கு வந்தானே அன்னைக்கு, பலகை மேலே நின்னு பார்த்தேன். தூரத்துலே மொட்டைத் தலையா வாரான். சித்தப்பன் முன்னமே போயாச்சு, சித்தி போயாச்சு. அவன் வேற யாருக்கு மொட்டை போடுவான்? மூட்டையைப் போட்டுட்டுப் படகுக்கு அடியிலே சேத்துக்குள்ளே போயி உக்காந்துக்கிட்டேன். அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டுக்கிட்டே போறான். கேட்டாத்தானே கேதம்? காதைப் பொத்திக்கிட்டேன்."

"அந்த மீனு..." என்றாள் அவள்.

"நீ வச்சே. நான் திங்கலேன்னா உனக்குத் தெரிஞ்சுபோகும். தெரிஞ்சா அப்புறம் மொட்டை போட்டுத்தானே ஆகணும்? போட்டா நீலா எங்கே வந்து படுப்பா? அதான் ரெண்டாந்தரமும் வாங்கித் தின்னேன்." அவர் உதடு கோணிற்று. "முள்ளெல்லாம் தொண்டையிலேயே நிக்குது தைலம்."

அப்போதுதான் தைலம்மாளுக்கு 'இனி' காதில் விழுந்தது. பாய் இல்லாத பலகை கண்ணில் பட்டது. காக்காய்க்கு வைத்த சோறு கண்ணில் பட்டது. இத்தனை நாளும் ஒரே அறைக்குள் ஆளுக்கொரு மூலையில் ஒரே பிணத்தை மறைத்து வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். பாய் மறைவிலிருந்து கலயத்தை எடுத்து மடியில் கவிழ்த்து, அந்தப் புளியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "என் அத்தையே" என்று அவள் அழுத அழுகையில் தெருவே அடங்கிப்போயிற்று.

கேதம் கேட்டவன் தலை முழுக வேண்டும். குழந்தைவேலு சுற்றிப் பார்த்தார். மா மியாவின் பானைதான் பக்கத்தில் இருந்தது. நேரே போய் அவள் முன்னால் முக்காலியில் உட்கார்ந்து குனிந்தார். "ஊத்தும்மா."

மா மியா எழுந்தாள். இடுப்பில் லுங்கி மாதிரிக் கட்டியிருந்த லோஞ்சியை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் மொண்டு மொண்டு ஊற்றி, சீயக்காய் நுரை வரத் தேய்த்தாள். முதல் தண்ணீர் மையாக ஓடிற்று. அடுத்தது சாம்பல் நிறம். பிறகு தெளிந்தது. தெளிந்த தண்ணீருக்குள்ளிருந்து ஒரு வெள்ளைத் தலை வந்தது. அந்தத் தெருவின் ஒரே கிழவர். வாலிபர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். தங்கவேலு தன் தலைத்துண்டை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டான். சாயங்காலம் ஓடைக்கரையில் நாவிதன் அந்தத் தலையையும் வழித்து, மீசையையும் எடுத்தான்.

வழித்த தலைக்கு வயது இல்லை. திருவிழா முடிந்து மில் திறந்த அன்றைக்கு மேஸ்திரி பார்த்துவிட்டு, "கேதமா? யாரு, ஆத்தாளா? அடப் பாவமே! போ உள்ளே" என்று விட்டுவிட்டார். தைலம்மாளுக்கு ஒரு நம்பிக்கை கூட வந்தது. தினம் கருக்கலில் எழுந்ததும் அவர் தலையில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்ப்பாள். முதலில் வழுவழுப்பு. பிறகு மணல் மாதிரி. பிறகு கோரைப்பாயின் வெட்டுமுனை மாதிரி. ஒரு நாள் விளக்கைத் தூக்கிப் பார்த்தாள். சலித்த அரிசிமாவைத் தூவின மாதிரி, ஒரு கறுப்பு மருந்துக்கும் இல்லை. கரியைக் குழைத்துப் பூசினாள். மயிரில் பிடிக்கவில்லை, தோலில்தான் பிடித்தது. அடிப்பிடித்த சட்டி மாதிரி இருந்தது தலை. மறுபடி வழித்துவிடலாம் என்றால், கேதம் இல்லாமல் மொட்டை போடுவது இன்னொரு சாவைக் கூப்பிடுகிற மாதிரி.

"விடு புள்ள" என்று அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். தண்ணீர் விட்டுத் தலையைத் துடைத்துக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

மில் வாசலில் வரிசை நின்றது. பெண்கள் வரிசையிலிருந்து தைலம்மாள் எட்டிப் பார்த்தாள். மேஸ்திரி குழந்தைவேலுவின் முன்னால் வந்ததும் நின்றார். கண் தலைக்குப் போயிற்று. வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு ஒதுக்கினார். கெட்ட மனுஷர் என்று சொல்லிவிட முடியாது. பின்னால் துரை மாடியில் நின்றுகொண்டிருந்தான்.

"குழந்தை" என்றார் தணிந்த குரலில். "உன் வயசு என்னப்பா?"

முப்பத்தஞ்சு என்று சொல்லிவிடுங்களேன் என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள். சொன்னால் கூட யாரும் சிரிக்கமாட்டார்கள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் அந்தச் சொல்லுக்காகத்தான் காத்து நின்றார்கள்.

"எனக்குத் தெரியாது மேஸ்திரி" என்றார் குழந்தைவேலு. "தெரிஞ்சவ ஒருத்திதான். அவளும் போயிட்டா."

மேஸ்திரி தன் தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு கையால் ஓரமாகக் காட்டினார். குழந்தைவேலு ஓரமாகப் போய், வாசலுக்கு வெளியே, கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகின்மேல் உட்கார்ந்தார். வரிசை நகர்ந்தது. தைலம்மாளை யாரும் நிறுத்தவில்லை. அவளைத் தள்ளிக்கொண்டு வரிசை உள்ளே போய்விட்டது.

உச்சி வேளைக்குக் கஞ்சிக்கு விட்டார்கள். அவள் நேரே வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் தலையிலும் புருவத்திலும் தவிடு. உள்ளேயிருந்து வந்த வாலிபர்கள் எல்லாரும் வெள்ளை வெளேரென்று, கிழவர் பட்டாளம் மாதிரி, அவர்களைத் தாண்டிப் போனார்கள்.

"அறையை எப்ப விடணுமாம்?"

"வாரக் கடைசிக்குள்ளே."

"நீலா அடுத்த மாசம் வந்துருவாளேங்க. எங்கே படுக்க வைக்கிறது?"

அவர் ஓடையைப் பார்த்தார். அவருக்கே யாராவது சொன்னால் தேவலை என்கிற மாதிரி இருந்தது முகம்.

தெருமுனையிலிருந்து மா மியா கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். கேதம் என்று மொகிங்காவில் மீன் போடாமல், வாழைத்தண்டும் அவரைக்காயும் மட்டும் போட்டுக் காய்ச்சியிருந்தாள். அவர் முன்னால் முழங்காலிட்டு நீட்டினாள்.

"ஊ குழந்தை" என்றாள். "சாப்பிடுங்க."

அவர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். 'கோ' என்று திருத்தவில்லை.